பல்லாண்டுச் செடிகளை அடைமழைக்கும் மார்கழிப் பனிக்கும் தயார்ப்படுத்துதல்: நெல்லைச் சீமைத் தோட்டங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குளிர்நாடுகளில் தோட்டச் செடிகளைக் குளிர்காலத்திற்குத் தயார்ப்படுத்துவது என்றால், உறைபனியிலிருந்து அவற்றைக் காப்பது என்று பொருள். திருநெல்வேலிச் சமவெளியில் உறைபனி கிடையாது. மல்லிகை, பிச்சி, செம்பருத்தி, எலுமிச்சை, முருங்கை, கறிவேப்பிலை என்று ஆண்டுக்கணக்கில் நின்று பலன் தரும் செடிகள் இங்கே ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் பட்டுப்போகின்றன என்றால், தூரில் தேங்கிய தண்ணீரோ, வடகிழக்கிலிருந்து அடித்த காற்றோ, இலையில் காயாமல் தங்கிய ஈரமோதான் காரணமாக இருக்கும்.

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் வேலைக்கு அஞ்சுவதில்லை. வேலையின் வரிசையில்தான் தவறுகிறார்கள். புரட்டாசியில் உரம் வைக்கிறார்கள், முதல் மழை விழுந்ததும் கவாத்து செய்கிறார்கள், தண்ணீர் கட்டி நின்ற பிறகு வடிகால் வெட்டுகிறார்கள். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக மாற்ற வேண்டும்: முதலில் வடிகால், அடுத்துக் கவாத்து, அதன்பின் முட்டு, உரமோ மழை ஓய்ந்த பிறகு.

1. நாள் குறித்தல்

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாவது வாரத்தில், அதாவது ஐப்பசி பிறக்கும் தறுவாயில் தொடங்குகிறது. அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். வெட்டிய கிளையின் வாய் காய்ந்து, அதன் கீழே விடும் துளிர் முற்றுவதற்கு மூன்று நான்கு வாரங்கள் ஆகும். ஆகவே கவாத்து புரட்டாசி முதல் வாரத்திலும், வடிகால் வேலை அதற்கும் முன்பாக ஆவணிக் கடைசியிலும் முடிந்திருக்க வேண்டும். ஊரில் பிசான நெல் பருவத்திற்கு நாற்றங்கால் பற்றிய பேச்சு எழும்போது, வீட்டுத் தோட்டத்தில் மண்வெட்டி இறங்கியிருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

தென்காசி, செங்கோட்டைப் பக்கத்தவர்களுக்கு இக்கணக்கு சற்று மாறும். அங்கே ஆனி, ஆடிச் சாரலில் மண் ஏற்கெனவே ஊறியிருக்கும் என்பதால், தொடர்ந்து நான்கைந்து நாள் வெயில் கிடைக்கும் இடைவெளியைப் பார்த்துக் கவாத்து செய்வதே நல்லது.

2. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

மண்வெட்டி, கடப்பாரை, கூரான கவாத்துக் கத்தரி, தடித்த கிளைக்குக் கைவாள், சவுக்குக் கம்பு அல்லது மூங்கில், தேங்காய் நார்க்கயிறு, பழைய வேட்டித் துணி, மயில்துத்தம் (காப்பர் சல்பேட் என்ற செம்பு உப்பு), சுட்ட சுண்ணாம்பு, இரண்டு பிளாஸ்டிக் வாளி, கையுறை ஆகியவை போதும். கத்தரியை வேலை தொடங்கும் முன்பே தீட்டி வைக்க வேண்டும். மழுங்கிய கத்தரி கிளையை நசுக்கிவிடும். நசுங்கிய பட்டை ஆறாது, அதன் வழியாகவே அழுகல் உள்ளே இறங்கும்.

3. மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் குடிக்கிறது என்று பார்த்தல்

தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் ஒரு குழி தோண்டுங்கள். அதை நிரப்பித் தண்ணீர் முழுவதும் வடிய விடுங்கள். பின்பு மறுபடியும் நிரப்பி, ஒரு குச்சியில் அடையாளம் வைத்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். முதல் முறை நிரப்பியதை வைத்து முடிவு கட்டக் கூடாது, ஏனென்றால் காய்ந்த மண் எதையும் உறிஞ்சும். நமக்குத் தெரிய வேண்டியது ஊறிய மண்ணின் குணம்.

ஒரு மணி நேரத்திற்கு ஓர் அங்குலத்திற்கும் குறைவாக இறங்கினால், அந்த இடத்தில் மேட்டுப்பாத்தி இல்லாமல் எலுமிச்சையோ முருங்கையோ மழைக்காலத்தைத் தாண்டாது. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் குழி கண்ணெதிரே வற்றிவிடும். அங்கே தேக்கம் கவலை இல்லை, சத்துக் கரைந்தோடுவதே கவலை. மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் நிலைமை நேர்மாறானது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கரிசல், இரண்டு மழையில் உப்பி வெடிப்புகளை மூடிக்கொள்ளும். அதன்பின் விழும் தண்ணீர் மேலேயே நிற்கும். வெடிப்பைப் பார்த்து, 'இந்த மண் தண்ணீரை நன்றாகக் குடிக்கும்' என்று நம்பியவர்கள் பலர்.

4. வட்டப்பாத்தியை உடைத்து மேடாக்குதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் உங்களால் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

கோடையில் தண்ணீர் வீணாகாமல் இருக்க ஒவ்வொரு செடியைச் சுற்றியும் வட்டப்பாத்தி கட்டி வைத்திருப்போம். பங்குனி, சித்திரையில் செடியைக் காக்கும் அந்தப் பாத்தியே ஐப்பசியில் தொட்டியாக மாறித் தூரை மூழ்கடிக்கிறது. வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண்ணின் துளைகள் எல்லாம் தண்ணீரால் நிறைந்துவிட்டால் நுனிவேர்கள் மூச்சுமுட்டிச் சாகின்றன. வேர் செத்தபின் செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது; அதனால்தான் தண்ணீரில் நிற்கும் செடி வாடித் தொங்குகிறது. அந்த வாட்டத்தைத் தாகம் என்று எண்ணி மேலும் தண்ணீர் ஊற்றுகிறவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

என் வீட்டில் ஆறு வயதான ஓர் எலுமிச்சைக்கு அழகாக இருக்கட்டும் என்று செங்கல்லை வட்டமாக அடுக்கிச் சிமென்ட் பூசியிருந்தேன். அந்த ஆண்டு கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் பார்த்தபோது இலைகள் வெளிறியிருந்தன. பத்து நாள் கழித்துத் தூருக்கு அரை அடி மேலே பட்டை வெடித்து, தேன் நிறத்தில் பிசின் வடிந்தது. பட்டையை நகத்தால் சுரண்டியபோது உள்ளே பச்சைக்குப் பதில் பழுப்பாக இருந்தது, புளித்த வாடை வந்தது. தை மாதத்தில் மரத்தை வெட்டி எடுத்தேன். நான்கு செங்கல்லை உருவியிருந்தால் அது பிழைத்திருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். பாத்தியின் கரையை, நிலம் சரியும் பக்கமாக இரண்டு இடங்களில் உடைத்து விடுங்கள். உடைத்த மண்ணைத் தூரை நோக்கி இழுத்து, செடியிலிருந்து வெளிப்புறமாகச் சரியும்படி நான்கு முதல் ஆறு அங்குல உயரத்திற்கு அணையுங்கள். ஆனால் பட்டையின் மீது மண் ஏறக் கூடாது. மண்ணோடு ஒட்டியே இருக்கும் பட்டை அழுகிவிடும். மேடு தூரைச் சுற்றி ஒரு சாண் தள்ளி உயர்ந்து வெளியே இறங்கட்டும், தூரை ஒட்டிய பள்ளத்திலிருந்து ஒரு சிறு வழி வெளியே போகட்டும். மொட்டு ஒட்டுக் கட்டிய ரோஜாவிலும் ஒட்டு மாங்கன்றிலும் ஒட்டுப் பகுதி எப்போதும் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

இந்தச் சிறு வாய்க்கால்கள் எல்லாம் போய்ச் சேர ஓர் ஓடை வேண்டும். அடி அகலம், முக்கால் அடி ஆழத்தில் தோட்டத்தின் ஓரமாக வெட்டி, தாழ்ந்த மூலையில் வெளியேற்றுங்கள். பத்தடிக்கு ஓர் அங்குலம் சரிவு இருந்தாலே தண்ணீர் நகரும். ஒரு குடம் தண்ணீரை மேட்டுமுனையில் ஊற்றி அது கடைசி வரை போகிறதா என்று பார்க்காமல் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். சுற்றுச்சுவர் கட்டியவர்கள் அடியில் துளை விட மறந்துவிடுகிறார்கள். அங்கே குழாய் ஒன்று இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆவணி மண் பாறைபோல் இருக்கும் என்பதால், முதல் நாள் மாலையில் தண்ணீர் விட்டு மறுநாள் காலையில் வெட்டினால் உடம்பு நோகாது.

5. கவாத்து: மழைக்கு முன் வெட்டுவதும் வெட்டாமல் விடுவதும்

மழைக்கு முன் செய்யும் கவாத்துக்கு இரண்டு நோக்கங்கள் உண்டு. காற்று பிடிக்கும் பரப்பைக் குறைப்பது ஒன்று; கிளைகளுக்கு நடுவே வெயிலும் காற்றும் புகுந்து இலை சீக்கிரம் காய வழி செய்வது மற்றொன்று. பூவுக்காகச் செய்யும் கவாத்து வேறு, அதன் காலமும் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் குழப்பம் வருகிறது.

எந்தச் செடியிலும் முதலில் காய்ந்த குச்சி, நோய் கண்ட குச்சி, ஒன்றையொன்று உரசும் கிளை, தூரிலிருந்து குச்சியாக நீளும் போத்து ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். அவ்வளவும் எடுத்தபின் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். பல செடிகளுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

செம்பருத்தி, நந்தியாவட்டை, காகிதப்பூ, அரளி ஆகியவற்றை மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் குறைக்கலாம். அரளிப்பால் நச்சு, கையுறை இல்லாமல் தொட வேண்டாம், வெட்டிய குச்சியை ஆடு மாடு எட்டும் இடத்தில் போடவும் வேண்டாம்.

முருங்கையின் மரம் மென்மையானது, கிளை எளிதில் ஒடியும். மழை குடித்துக் கனத்த கொம்பு வேலியிலோ ஓட்டின் மீதோ முறிந்து விழுவதற்கு முன், நீண்ட கொம்புகளைப் புரட்டாசியிலேயே குறைத்துவிட வேண்டும். வெட்டுவாயில் சாணியை உருட்டி அப்புவது நம் ஊர் வழக்கம். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்க அது போதும். மேற்புறம் தட்டையாக வெட்டாமல் சாய்வாக வெட்டுவதும் இதற்காகத்தான்.

எலுமிச்சையில் இலை, காய், குச்சி ஆகியவற்றில் சொரசொரப்பான புள்ளி கண்ட பகுதிகளை மழைக்கு முன்பே வெட்டி எரித்துவிடுங்கள். சொறிநோய்க் கிருமி, காற்றோடு தெறிக்கும் மழைத்துளியில் பயணம் செய்து பக்கத்துக் கிளைக்கும் பக்கத்து மரத்துக்கும் போகிறது. நோய் கண்ட குச்சியை ஈரத்தில் வெட்டினால் நாமே அதைக் கத்தரியில் சுமந்து பரப்பியவர்களாவோம்.

மல்லிகை, பிச்சி, முல்லை மூன்றையும் இப்போது வெட்டக் கூடாது. இவற்றில் காய்ந்ததை மட்டும் எடுங்கள். மழையில் விடும் துளிர் நீண்டு மெலிந்து போகும். பூக்கும் கிளையாக அது முற்றாது. இவற்றின் காலம் பின்னால் வருகிறது.

6. வெட்டுவாய்க்குப் பூச்சு

விரல் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு வெட்டுக்கும் போர்டோ பசை பூசுவது நல்லது. 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரில் ஒரு வாளியிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரில் மற்றொரு வாளியிலும் கரையுங்கள். சுண்ணாம்பு கொதிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஆறியபின் துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். இரும்பு வாளியில் துத்தம் வினைபுரிந்து கெட்டுவிடும் என்பதால் பிளாஸ்டிக் அல்லது மண்பாத்திரமே வேண்டும்.

ஒரு கத்தியின் அலகை அதில் ஒரு நிமிடம் நனைத்து எடுங்கள். அலகில் செம்புநிறம் படிந்தால் துத்தம் மிகுந்திருக்கிறது, இலையைப் பொசுக்கும். இன்னும் சிறிது சுண்ணாம்புப் பால் சேர்த்து மறுபடி சோதியுங்கள். எலுமிச்சையின் தண்டில் தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை இதே பசையைப் பூசிவிடலாம். இலையில் தெளிக்க வேண்டுமானால், ஒவ்வொன்றும் 100 கிராம் என்ற அதே அளவை மொத்தம் 10 லிட்டர் தண்ணீரில் கலந்து துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். கலந்த அன்றே பயன்படுத்தி முடியுங்கள். மறுநாளைக்கு அது மருந்தாக இருக்காது. கறிவேப்பிலையில் தெளிக்க வேண்டாம், நாம் இலையையே உண்கிறோம்.

7. உரத்தை நிறுத்தி வைத்தல்

புரட்டாசியில் யூரியா வைத்தால் ஒரு பகுதி மழையோடு கரைந்து ஓடும். மீதி, செடியை மென்மையான துளிராகத் தள்ளும். அந்தத் துளிரை அசுவினிப் பூச்சியும் அழுகலும் தேடி வரும், காற்றும் எளிதில் ஒடிக்கும். ஆகவே மழை முடியும் வரை தழைச்சத்து எதுவும் வேண்டாம்.

கொடுக்கலாம் என்றால் ஒன்றுதான். 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை தரும் பூசணத்தை ஒரு கிலோ மட்கிய, சற்று ஈரமான எருவில் கலந்து நிழலில் ஒரு வாரம் வைத்து, தூரைச் சுற்றி மேல்மண்ணில் கிளறி விடுங்கள். வேரழுகல் பூசணத்தை அது கட்டுப்படுத்தும். போர்டோ கலவை சொட்டிய மண்ணில் உடனே இதை இட்டால் செம்பு அதைக் கொன்றுவிடும். இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். அடுப்புச் சாம்பலைச் செம்மண்ணில் கைப்பிடியளவு போடலாம். கரிசல் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது, அங்கே தவிர்த்துவிடுங்கள்.

கோடை மூடாக்கை முற்றிலும் அள்ளிவிட வேண்டியதில்லை. மெல்லிய வாழைச்சருகுப் படுகை, மழைத்துளி மண்ணை அடியிலைகளில் தெறிக்காமல் காக்கும். தூரிலிருந்து ஒரு சாண் விலக்கி வைத்தால் போதும்.

8. முட்டுக் கொடுத்தல்: காற்று திசை மாறுகிறது

ஆடியில் அடிக்கும் மேல்காற்றுக்காக நாம் எல்லோரும் முட்டுக் கொடுத்திருப்போம். அந்தக் காற்றிலேயே வளர்ந்த செடி கிழக்கே சாய்ந்திருக்கும். அதன் கட்டும் அந்தக் காற்றைத் தாங்கும் வகையிலேயே இருக்கும். ஐப்பசிக்குப் பின் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது, அதுவும் மண் சேறாக இளகியிருக்கும் நேரத்தில். பழைய முட்டு அப்போது உதவாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் தென்கோடியைத் தாக்கியபோது, முட்டு இருந்தும் சாய்ந்த முருங்கைகளை நானே பார்த்தேன்.

ஒரே கம்பு நடுவதானால் வடகிழக்குப் பக்கத்தில் நடுங்கள். காற்று செடியைக் கம்பிலிருந்து விலக்கித் தள்ளும், ஆகவே பட்டை உரசாது. இரண்டு கம்புகளாக எதிரெதிரே நட்டால் இன்னும் நல்லது. கம்பு இரண்டடியாவது மண்ணில் இறங்க வேண்டும். மண் இளகியபின் ஓரடிக் கம்பு செடியோடு சேர்ந்தே சாயும். பழைய வேட்டித் துணியை எட்டு வடிவில் சுற்றி, செடிக்கும் கம்புக்கும் நடுவே குறுக்கு விழும்படி கட்டுங்கள். கட்டு நெகிழ்ச்சியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கயிறு பட்டையை அறுத்துவிடும்.

9. தொட்டிச் செடிகள்

தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றி, அடித்தட்டுகளை எடுத்துவிட்டு, துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்து விடுங்கள். தென்னைநார்க் கழிவு மிகுதியாகக் கலந்த தொட்டிகள் வாரக்கணக்கில் ஈரம் காக்கும்; அவற்றையும் அடீனியம், கற்றாழை போன்றவற்றையும் மழை படாத தாழ்வாரத்திற்கு மாற்றிவிட வேண்டும். மாடியில் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் சருகு அடைத்தால் தளமே குளமாகும்.

10. மழை பெய்யும் நாட்களில்

மழை விட்டதும் குடையோடு போய் ஓடை ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். பாத்திக்குள் மிதிக்க வேண்டாம். ஈரமண்ணை மிதித்தால் அது இறுகி, வேருக்கு மிச்சமிருக்கும் காற்றும் போய்விடும். கவாத்தும் இந்நாட்களில் வேண்டாம். ஒடிந்து தொங்கும் கிளையை மட்டும் வெட்டி எடுங்கள். சாய்ந்த செடியை ஒன்றிரண்டு நாட்களுக்குள் நிமிர்த்தி மண் அணைத்தால் வேர் பிடித்துக்கொள்ளும்.

முருங்கைத் தண்டைத் தினமும் பாருங்கள். கம்பளிப்புழுக்கள் பகலில் அடித்தண்டில் கூட்டமாக அப்பிக்கொண்டிருக்கும். அந்த நேரமே அழிக்க ஏற்றது. நீண்ட கம்பில் துணிப்பந்தம் சுற்றி, பட்டை பொசுங்காதபடி விரைவாகக் காட்டி எடுங்கள். கையால் தொடக் கூடாது, தோல் தடித்துவிடும்.

'கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை' என்ற சொல்லை நம்பி ஓடைகளை மூடிவிட வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில், மார்கழி பிறந்த கையோடு பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. வெள்ளம் வடிந்தபின் என் தெருவில் பிழைத்த செடிகள், தூரில் படிந்த வண்டலை முதல் வாரத்திலேயே சுரண்டி எடுத்து, சுற்றிலும் கடப்பாரையால் ஓரடி ஆழத் துளைகள் போட்டுக் காற்று விட்டவர்களின் செடிகள். உரம் போட்டுத் தேற்ற முயன்றவர்களின் செடிகள் பெரும்பாலும் தேறவில்லை. செத்த வேரால் உரத்தை எடுக்க முடியாது. புதுத் துளிர் தெரியும் வரை காத்திருக்க வேண்டும்.

11. மார்கழிப் பனியும் மல்லிகைக் கவாத்தும்

மழை குறைந்து பனி இறங்கும்போது ரோஜாவிலும் செம்பருத்தியிலும் தண்ணீரைக் காலையில், தூரில் மட்டும் விடுங்கள். மாலையில் நனைந்த இலை இரவு முழுவதும் ஈரமாக இருக்கும். ரோஜாவின் கொழுந்தில் வெள்ளைப் பொடி படர்ந்தால் சாம்பல் நோய் வந்துவிட்டது என்று பொருள். அந்தக் கொழுந்துகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் வீதம் காலை வேளையில் தெளியுங்கள்.

மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுவது பொதுவான பரிந்துரை. நம் பக்கத்தில் அப்போது மழை ஓயாமல் இருக்கக்கூடும் என்பதால், நான் தேதியைப் பார்ப்பதில்லை. தொடர்ந்து நான்கு நாள் வெயில் அடித்து, மண்ணைப் பிடித்தால் உருண்டையாகாமல் உதிர்கிறதா என்று பார்த்து, மார்கழி நடுவிலும் வெட்டியிருக்கிறேன். பங்குனியில் பூ சற்றுப் பிந்தியது, ஆனால் ஒரு செடியும் அழுகவில்லை. பிச்சிக்கும் முல்லைக்கும் ஜனவரி கடைசி வாரமே ஏற்றது. 45 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுங்கள். வெட்டுவதற்குச் சில நாட்கள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும்.

வெட்டியபின் மீந்த இலைகளை உருவிவிட்டு, தூரைச் சுற்றி மண்ணைக் கொத்தி, வளர்ந்த செடிக்கு 10 கிலோ தொழுஉரம் வீதம் இட்டு மண்ணால் மூடுங்கள். ஆவணியிலிருந்து நிறுத்தி வைத்த உரத்தின் நேரம் இதுதான். அதன்பின், மேட்டை உள்ளிருந்து வெளியே இழுத்து, உடைத்த கரைகளை அடைத்து, கோடைக்கான வட்டப்பாத்தியை மறுபடி கட்டத் தொடங்கலாம்.